போன்சிங்கின் சாவடியில் இறங்கிக்கொண்டவர்கள்

செத்துப்போகிறவர்கூட நேரம் காலம் பார்த்துச் சாக வேண்டியிருந்த வருஷம் அது. சான் பாசிலியோ நகரின் மேயர் அலுவலகத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு அவசர ஆணை வந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை வந்ததை ஒலிபெருக்கியில் வாசித்து முடிப்பதற்குள் வியாழக்கிழமை அதற்கே திருத்தம் வரும். சந்தைக்கு வீட்டுக்கு ஒருவர்தான் போகலாம். சேவல் சண்டை கிடையாது. கரோக்கே பாட்டு மாலை ஆறோடு நிறுத்தம். மோட்டார் சைக்கிளில் புருஷனும் பெண்டாட்டியும் போனாலும் நடுவில் ஒரு பலகை கட்டிக்கொள்ள வேண்டும். இந்தப் பலகை ஆணையைச் சில வீடுகளில் மனப்பூர்வமாக வரவேற்றார்கள் என்று கேள்வி, பேர் வேண்டாம்.

இதையெல்லாம் அந்நகரின் கமாச்சிலேப் பேட்டை பொறுத்துக்கொண்டது. முப்பத்தோராம் ஆணையைத்தான் பொறுக்க முடியவில்லை.

அது துக்க வீடுகளைப் பற்றியது. கொள்ளைநோயில் போனவர்களை ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கொண்டுபோய் எரித்துவிடுவார்கள். அதில் யாருக்கும் ஒரு பேச்சும் இல்லை. மற்றபடி முதுமையாலோ மாரடைப்பாலோ போனவர்களை வீட்டில் வைக்கக் கூடாது, பாலத்தடியில் இருக்கும் சிற்றாலய மண்டபத்தில் மூன்றே நாள், மதியம் ஒன்றிலிருந்து ஐந்துவரை, ஒரு தடவைக்குப் பத்துப் பேர். வந்தவர் கையில் நேரம் குறித்த சீட்டு ஒன்று தரப்படும். கடைசி வரி இதுதான்: 'துக்கத்துக்கு வந்தோர் வழியில் எங்கும் நிற்காமல் நேராகத் தத்தம் இல்லம் திரும்ப வேண்டும்.'

எழுதியவருக்கு அம்மா இல்லையா, அத்தை இல்லையா என்று பேட்டையே கேட்டது. துக்க வீட்டிலிருந்து எவனாவது நேராக வீட்டுக்குப் போவானா? செத்தவர் பின்னாலேயே வந்துவிட மாட்டாரா? போகிற வழியில் ஒரு ரொட்டிக்கடையிலோ காப்பிக்கடையிலோ கொஞ்சம் நின்று, உட்கார்ந்து, காலை உதறிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பின்னால் வந்தவர் கடை வெளிச்சத்தையும் கூட்டத்தையும் பார்த்து அங்கேயே தங்கிவிடுவார். இப்படி வழியில் நின்று உதறிவிட்டு வருவதைப் 'பக்பாக்' என்பார்கள். பாதிரியார் இதை மூடநம்பிக்கை என்று பிரசங்கம் செய்வார். ஆனால் எந்தச் சாவுக்குப் போய்விட்டு வந்தாலும் அவருடைய கார் ரொட்டிக்கடை வாசலில் கால் மணி நேரம் நிற்கும்.

முதல் வாரம் ஆளாளுக்குத் தந்திரம் செய்து பார்த்தார்கள். தையற்காரர் வெனான்சியோ தபாலாபீஸ் சுவரோரம் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்கள், காரணம் அவர் போட்டிருந்தது ரப்பர் செருப்பு. மூன்று நாள் மஞ்சள் அங்கி மாட்டிக்கொண்டு நகரச் சதுக்கத்தைப் பெருக்கினார். அதற்கப்புறம் யாருக்கும் தபாலாபீஸ் பக்கம் போக மனம் வரவில்லை.

இந்த இடத்தில்தான் போன்சிங் வருகிறார். முழுப் பெயர் போன்சியானோ, ஐம்பத்தெட்டு வயது, ஓட்டிக்கொண்டிருந்த மூன்று சக்கர வண்டியை ஆணை வந்து முடக்கிப்போட்டதால் பேட்டைக் காவல் வேலைக்குச் சேர்ந்தவர். மண்டபத்துக்கும் குடியிருப்புக்கும் நடுவே இருக்கும் ஒரே தெருவில், கொடுக்காப்புளி மரத்தடியில், குறுக்கே ஒரு மூங்கிலைப் போட்டு அவருக்குச் சோதனைச் சாவடி அமைத்துக் கொடுத்திருந்தார்கள். ஒரு மேஜை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி, பதிவு நோட்டு, கையில் அடிக்க ஆல்கஹால், கால் துடைக்க மருந்துத் தண்ணீரில் நனைத்த சாக்கு. மரத்துக்குப் பின்னால் இருந்த நீலக் கதவு அவருடைய சொந்த வீடு. சாப்பாட்டு நேரத்தில் பத்தே எட்டில் வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஆரம்பத்தில் அவருக்கு ஒரே குஷி.

ஆனால் அவரை யாரும் மதிக்கவில்லை. மூங்கிலைக் கண்டதும் எல்லோருக்கும் அவசரம் வந்துவிடும். நெற்றியைக் காட்டும்போதே கால் நடக்கும். பேரைக் கேட்டால், "முப்பது வருஷமா என்னை வண்டியில ஏத்திக்கிட்டுப் போனவரு இன்னிக்குப் பேரு கேக்குறாரு" என்று முனகுவார்கள்.

முடிவெட்டுகிற லியோபோல்தோ செத்துப்போன மறுநாள் எல்லாம் மாறியது.

மண்டபத்திலிருந்து முதலில் வந்தவள் வேர்க்கடலை விற்கும் ரூஸ்தீக்கா. எழுபது வயசு, வாய்க்கு வயசே கிடையாது. நெற்றியைக் காட்டினாள், கையை நீட்டினாள், சாக்கின் மேல் ஏறி நின்றாள். இறங்கவில்லை. இடது காலை நன்றாக உதறினாள். வலது காலை அதைவிட நன்றாக உதறினாள். பிறகு பாவாடை ஓரத்தையும் பிடித்து ஓர் உதறு.

"தம்பி, கொஞ்சம் உட்காரட்டுமா? மூட்டு வலி."

"உட்காருக்கா. அவசரமில்ல," என்றார் போன்சிங்.

"ஆணையில எங்கயும் நிக்கக் கூடாதுன்னு இருக்கே?"

"இது நீயா நிக்கிறது இல்லக்கா. நாங்க நிறுத்துறது. சர்க்கார் நிறுத்தினா நின்னுதான் ஆகணும்."

ரூஸ்தீக்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அதைத்தான் நானும் நெனச்சேன்," என்று சொல்லி, ஒரு பொட்டலம் வேர்க்கடலையை மேஜையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

மறுநாள் வந்த பத்துப் பேரும் ஓடவில்லை, முனகவில்லை. "அண்ணே, வெயில்ல இருக்கீங்களே" என்று விசாரித்தார்கள். சாக்கில் நிதானமாக நின்றார்கள். தையற்காரர் வெனான்சியோ, ஊர் பார்க்கப் பெருக்கவைத்த ஆத்திரத்தில் இருந்தவர், இரண்டு தடவை காய்ச்சல் பார்க்கச் சொன்னார். அடுத்த வாரம் ஊரின் பழைய வாத்தியக்காரர் போனார். அதற்கடுத்து, வேலித் தகராறில் நாற்பது வருஷம் கோர்ட்டுக்கு நடந்த தோமாசோ கிழவர் போனார். ஒவ்வொரு சாவுக்கும் சாவடியில் கூட்டம். நாற்காலி போதாமல் சிலர் வீட்டிலிருந்து முக்காலி கொண்டுவந்தார்கள். போன்சிங்குக்குத் தலைகால் புரியவில்லை.

"பார்த்தியா மெலித்தோனா," என்றார் பெண்டாட்டியிடம், மதியச் சோற்றைப் பிசைந்தபடி. "மரியாதையாப் பேசினா ஜனம் எப்படி ஒட்டிக்குது. நம்ம பேட்டைத் தலைவி கப்பித்தானா மாதிரி அடுத்த தடவை தேர்தல்ல நானும் நிக்கலாம்போல."

மெலித்தோனா இன்னொரு கரண்டி சோறு போட்டாள். கொஞ்ச நாளாக அவளும் துணி காயப்போடுகிற கயிற்றுக்குப் பின்னால் நின்று வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஜனம் புருஷனுடைய முகத்தைப் பார்க்கவில்லை, தன்னுடைய காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு நாள் ரூஸ்தீக்காவை வேலியோரம் மடக்கினாள்.

"எதுக்குக்கா எல்லாரும் எங்க வீட்டு வாசல்ல வந்து உதறுறீங்க?"

"உங்க வீட்டு வாசலா?" ரூஸ்தீக்கா கண்ணை அகல விரித்தாள். "நான் சாவடின்னுல்ல நெனச்சேன்."

அன்று மாலை போன்சிங் வேலை முடித்து வந்தபோது நீலக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னலில் மெலித்தோனாவின் முகம்.

"அஞ்சு வாரத்துல எத்தனை சாவு?"

"ஏழு. நோட்டுல இருக்கு."

"ஏழு பேரும் எங்க இருக்காங்க?"

"கல்லறையில."

"உன் மேஜையில," என்றாள் அவள். "ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் ஆளுக்கொரு ஆவியைக் கூட்டிக்கிட்டு வந்து உன்கிட்ட இறக்கிவிட்டுட்டுப் போறாங்க. நீ அதுக்கு நாற்காலி வேற போட்டுக் குடுக்குற. அந்த லியோபோல்தோ உசிரோட இருக்கும்போதே ஒரு வீட்டுக்குள்ள வந்தா கிளம்ப மாட்டான். செத்ததுக்கு அப்புறம் கிளம்புவானா? தோமாசோ கிழவன் நம்ம வேலியை அளந்துக்கிட்டிருப்பான் இந்நேரம்."

போன்சிங் மெல்லத் திரும்பிக் காலி நாற்காலிகளைப் பார்த்தார். ஒன்று லேசாகச் சாய்ந்திருந்தது. காற்றாகத்தான் இருக்க வேண்டும்.

"நம்ம பொண்ணுக்கு எட்டு மாசம்," என்றாள் மெலித்தோனா. குரல் இறங்கியிருந்தது. "பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டு வாசல்ல ஏழு ஆவி. அவ ரெண்டு நாளா ஜன்னல் பக்கமே வர்றதில்ல, தெரியுமா உனக்கு? மேஜை இங்கிருந்து போற வரைக்கும் நீ இந்த வாசலைத் தாண்டாதே. நீயும் அவங்களோடதானே நாள் பூரா உட்கார்ந்திருக்க. பேரப்பிள்ளை பிறந்தா ஜன்னல் வழியாக் காட்டுறேன்."

உள்ளேயிருந்து மகள் தெல்ஃபீனாவின் குரல் வந்தது: "அப்பா, சாப்பாட்டை வண்டியில வெச்சிருக்கேன்." மாங்காய் கடித்துக்கொண்டே பேசியதுபோல் இருந்தது. பயந்தவள் இப்படிக் கடிப்பாளா என்று போன்சிங்குக்கு ஒரு சந்தேகம். ஆனால் கதவு சந்தேகத்துக்கு இடமில்லாமல் மூடியிருந்தது.

முதல் பேரப்பிள்ளை. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தங்கிய கரு. மருமகன் கப்பலில் வேலை செய்பவன், எந்தத் துறைமுகத்திலோ மாட்டிக்கொண்டிருந்தான். மருத்துவச்சி வீட்டுக்கே வருவதாக ஏற்பாடு. பிள்ளையை முதலில் வாங்கப்போகிற ஆண் கை தன்னுடையதுதான் என்று போன்சிங் மூன்று மாதமாக எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். அதைப் பத்தடி தள்ளி, முடக்கிப்போட்ட வண்டிக்குள் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு நினைத்துப் பார்க்க அவருக்கு வாய் கசந்தது.

மறுநாள் காலை பேட்டைத் தலைவி ஹசின்தாவிடம் போனார். பேட்டையே அவளைக் கப்பித்தானா என்றுதான் கூப்பிடும். மருந்துக்கடை வைத்திருந்தவள், எதையும் அளவு பார்த்து, காலாவதித் தேதி பார்த்துப் பேசுகிறவள்.

"சாவடியை மாத்தணுமா? ஏன்?"

"வாசல்ல... கொஞ்சம் நெரிசலா இருக்குங்க."

"ஒரு தடவைக்குப் பத்துப் பேர். என்ன நெரிசல்?"

"அவங்க பத்துப் பேர்தாங்க. கூட வர்றவங்களைச் சொல்றேன்."

கப்பித்தானா பேனாவை மூடினாள். "அண்ணே, மேயர் ஆபீஸ் வரைபடத்துல உங்க மரத்து மேல சிவப்புப் புள்ளி இருக்கு. அதை நகர்த்தணும்னா படிவத்துல காரணம் எழுதணும். மூணே காரணம்தான் அச்சடிச்சிருக்கு. தண்ணி தேங்குது, நிழல் இல்ல, வண்டி போக இடைஞ்சல். ஆவி வருதுன்னு நாலாவதா எழுதி நான் அனுப்பினா, அடுத்த ஆணை என் மேலதான் வரும். போங்க. அவ்வளவு பயமா இருந்தா ரெண்டு தடவை ஆல்கஹால் அடிங்க."

சரி, அப்படியானால் யாரையும் நிறுத்தாமல் விட்டால் என்ன? நிற்காத இடத்தில் யார் இறங்குவார்கள்? அன்று மதியம் போன்சிங் மூங்கிலைத் தூக்கிக் கட்டிவிட்டு, நாற்காலிகளையும் சாக்கையும் மறைத்துவைத்துவிட்டு, தெரு நடுவே நின்று இரண்டு கையாலும், "போங்க, போங்க, நேரா போங்க" என்று விரட்டினார்.

ரூஸ்தீக்கா வந்து அசையாமல் நின்றாள்.

"நெத்தியப் பாரு."

"வேணாங்க்கா. உனக்கு ஒண்ணுமில்ல. பார்த்தாலே தெரியுது."

"ஆணையில பார்க்கணும்னு இருக்கு. நான் வரி கட்டுறவ."

"எந்த வரிக்கா நீ கட்டியிருக்க?"

"கட்டினா உன்கிட்ட சொல்லிட்டா கட்டணும்? நெத்தியப் பாரு தம்பி. இல்லாட்டி இங்கயே நிக்கிறேன்."

அவளுக்குப் பின்னால் ஒன்பது பேரும் நின்றார்கள். நிறுத்தாவிட்டாலும் நின்றார்கள், சாக்கு இல்லாவிட்டாலும் தரையில் உதறினார்கள். சில பேர் நேராக நீலக் கதவைப் பார்த்து உதறியதாக மெலித்தோனா பிற்பாடு சத்தியம் செய்தாள். போதாததற்கு, போன்சிங் கடமை தவறுகிறார், மக்களின் உடல்நலத்தோடு விளையாடுகிறார் என்று எட்டுப் பேர் கையெழுத்திட்ட புகார் மனு கப்பித்தானாவுக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் கையெழுத்து வெனான்சியோ. மூங்கில் மறுபடி இறங்கியது.

மூன்று வாரம் போன்சிங் வண்டியிலேயே சாப்பிட்டார், வண்டியிலேயே தூங்கினார். தெல்ஃபீனாவின் நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. மருத்துவச்சி ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, சாவடியில் நெற்றியைக் காட்டும்போது, "எந்த நாளும் ஆகலாம் அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் நோட்டில் அவளுடைய பேரை இரண்டு தடவை எழுதிவிட்டார்.

அந்த வாரத்தில்தான் கப்பித்தானாவின் ஞானத் தந்தை எலெயுத்தேரியோ கண்ணை மூடினார். தொண்ணூற்றொரு வயசு. ஹசின்தாவைச் சின்ன வயசில் தோளில் தூக்கி வளர்த்தவர். வளர்ந்த பிறகும் அவளுடைய எல்லா விஷயத்திலும் மூக்கை நுழைத்தவர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அடுக்களைவரை போய்ப் பானையைத் திறந்து பார்த்து, உப்பு குறைவு என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். அவர் பின்னால் வந்தால் என்ன ஆகும் என்று பேட்டையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆகவே மாலை நாலரைக்குத் தெருவில் ஒரு ஜன்னல்கூட மூடியிருக்கவில்லை. ஆல்கஹால் அடிக்கச் சொன்ன கப்பித்தானா நிற்பாளா, நேரே வீட்டுக்குப் போவாளா? அவள் நிற்க மாட்டாள் என்று வெனான்சியோ ஒரு கோழி பந்தயம் வைத்திருந்தார். ரூஸ்தீக்கா சிரித்துக்கொண்டே பந்தயத்தை ஏற்றிருந்தாள்.

கப்பித்தானா கறுப்பு உடையில், தனியாக, நடந்து வந்தாள். கண் சிவந்திருந்தது. தூரத்தில் அவளைக் கண்டதும் போன்சிங் என்ன செய்தார் தெரியுமா? எழுந்து நின்று, விறைப்பாக ஒரு சலாம் வைத்து, மூங்கிலை உச்சிவரைக்கும் தூக்கிப் பிடித்தார்.

"போங்க கப்பித்தானா."

அவள் நின்றாள். "காய்ச்சல் பார்க்கலையா?"

"உங்களைப் போய் நான் சந்தேகப்படுவேனா?"

"நோட்டுல எழுதணுமே."

"மனசுலயே எழுதிக்கிட்டேங்க. ஆணையில நேரா வீட்டுக்குப் போகணும்னு இருக்கு. தலைவியே வழியில நின்னா ஜனம் என்ன பேசும்?"

கப்பித்தானா தெருவைப் பார்த்தாள். ஜன்னலுக்கு இரண்டு தலை. சாக்கைப் பார்த்தாள். சாக்கைப் போன்சிங் சுருட்டி மேஜைக்கடியில் வைத்திருந்தார். அவள் தோளுக்குப் பின்னால் லேசாக, யாரோ கூப்பிட்டதுபோல், ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அதை எதிர் ஜன்னல்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே. சாக்கை விரிங்க."

"விரிக்கலாங்க. ஆனா பாருங்க, வெயில் திரும்பிடுச்சு. மரத்தடியில இப்பல்லாம் நிழலே இல்ல."

கப்பித்தானா அண்ணாந்து பார்த்தாள். கொடுக்காப்புளி மரம் பாதித் தெருவுக்குக் குடை பிடித்திருந்தது. கிளைகளுக்குள் நுழைய வழியில்லாமல் வெயில் வெளியே நின்றது.

"ஆமா," என்றாள். "நிழலே இல்ல."

"தண்ணியும் தேங்குதுங்க."

"ஏப்ரல் மாசத்துல."

"ஏப்ரல்ல தேங்குறதுதாங்க ஆபத்து."

கைப்பையைத் திறந்து படிவத்தை அவளே எடுத்தாள். எடுத்தபோதுதான் தெரிந்தது, வீட்டிலிருந்து கிளம்பும்போதே கொண்டுவந்திருக்கிறாள். மேஜைமேல் வைத்து, முதல் இரண்டு காரணத்துக்கும் குறி போட்டு, கையெழுத்துப் போட்டாள். புது இடம் எது என்று பேசவே வேண்டியிருக்கவில்லை: இருநூறு அடி தள்ளி, மாதக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் அடகுக்கடை வாசல். அந்தக் கடைக்கு ஏழு ஆவி என்ன, எழுபது போனாலும் வருத்தப்படப் பேட்டையில் ஒரு ஆள் கிடையாது.

போன்சிங் சாக்கை விரித்தார். கப்பித்தானா ஏறி நின்று உதறினாள். அப்படி ஓர் உதறலை அந்தச் சாக்கு கண்டதில்லை. காதில் கிடந்த தோடுகூட ஆடியது. எதிர்வீட்டில் ஒரு கோழி கை மாறியது.

மறுநாள் மேஜை, நாற்காலி, மூங்கில் எல்லாம் அடகுக்கடைக்குப் போயின. மெலித்தோனா வாசலை எட்டு வாளித் தண்ணீர் விட்டுக் கழுவி, ஒவ்வொரு வாளிக்கும் ஒரு பேர் சொல்லி அனுப்பிவைத்தாள். அடகுக்கடை வாசலிலும் கூட்டம் குறையவில்லை. சொல்லப்போனால் ஜனம் இன்னும் உற்சாகமாக உதறியது. மாலை ஐந்து மணிக்குப் போன்சிங் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை நடையில் வீட்டுக்கு வந்தார். நீலக் கதவு பாதி திறந்திருந்தது. பாதிக் கதவில் மெலித்தோனா நின்றிருந்தாள்.

"எங்கேயிருந்து வர்ற?"

"சாவடியிலேருந்துதான்."

"வழியில எங்க நின்ன?"

"எங்கயும் இல்லியே. காவலுக்கு இருக்கிறவங்களும் நேரா வீட்டுக்குத்தான்..." என்று ஆரம்பித்தவர், தானே நிறுத்திக்கொண்டார். வந்த வழியே திரும்பி நடந்தார்.

யோசித்துப் பார்த்ததில், ஆணைக்குட்பட்டு அவர் நிற்கக்கூடிய வாசல் ஊரில் ஒன்றுதான் இருந்தது. நோட்டை மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கக் கொண்டுபோகிறவரை யார் கேட்பார்கள்? ஐந்தே காலுக்குக் கப்பித்தானா வீட்டு வாசலில் அழைப்பு மணியை அடித்தார். அவள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது, வாசல் மிதியடியில் இடது காலை மெல்ல, யோசனையாக, உதறினார். பிறகு வலது. இரண்டு நாள் கப்பித்தானா கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் பேனா பாதிப் பெயரில் நின்றுவிட்டது.

"அண்ணே."

"சொல்லுங்க."

"நாளையிலேருந்து நோட்டை என்கிட்ட கொண்டுவர வேணாம். நேரா மேயர் ஆபீஸ்லயே குடுத்துடுங்க. உங்க வண்டி ஓட்ட அனுமதிச் சீட்டு நான் தர்றேன்."

இப்படித்தான் நான்கு மாதத்துக்குப் பிறகு போன்சிங்கின் மூன்று சக்கர வண்டி தெருவில் இறங்கியது. தினமும் மாலை நகரின் அகலச் சாலையில் ஒற்றை வண்டியாகப் போய், மேயர் அலுவலகத்தின் பளிங்குப் படியில் ஏறி, 'நல்வரவு' என்று எழுதியிருக்கும் தடித்த மிதியடியில் நின்று, முப்பத்தோராம் ஆணை தயாரான அறையின் ஜன்னலில் நோட்டை நீட்டுவார். உள்ளே இருக்கும் குமாஸ்தா, நாளெல்லாம் நின்று வேலை பார்க்கிறவருக்குக் கால் மரத்துப்போயிருக்கும் என்று நினைத்து, ஒரு நாள் நாற்காலிகூடப் போட்டுக்கொடுத்தான். போன்சிங் உட்கார்ந்தார், ஊர்க்கதை கொஞ்சம் பேசினார், திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குத் திரும்பி வண்டியை நிறுத்தும்போது, உள்ளேயிருந்து ஒரு புதுக் குரல் தெருவே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தது. அவர் ஓடினார். வாசலில் மெலித்தோனா ஒரு கையால் அவர் மார்பில் தடுத்தாள். இன்னொரு கையில் துணிச் சுருணை, அதற்குள் ஒரு சிவந்த மூக்கு.

"மேயர் ஆபீஸ்ல நின்னியா?"

"நின்னேன்."

"ரெண்டு காலையும்?"

"ரெண்டு காலையும்."

அவள் ஒரு நொடி அவருக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. "கையைக் கழுவிட்டு வா," என்று சொல்லிக் கதவை முழுதாகத் திறந்தாள்.